கர்ப்பிணிக்கு மூச்சு கொடுத்த கதை: 1918 முதல் 2021 வரை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பதைத் தாய் இறப்பு விகிதம் என்கிறோம். இதைக் குறைத்ததில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்மாதிரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் செவிலியர், 2008 முதல் 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகை, இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் ஏன் இறந்தார் என்ற விசாரணை என்று பல ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில், நம் சுகாதாரத் துறையின் கணக்குப்படியே, 2021–22இல் இந்த எண் 90ஐத் தொட்டது. அடுத்த ஆண்டே 52 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு வருடம் மட்டும் ஏன் அப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். கொரோனா இரண்டாம் அலை.

ஆனால் கொரோனாதான் முதன்முதலில் கர்ப்பிணிகளைத் தேடி வந்தது என்று நினைக்காதீர்கள். நூறு ஆண்டுகளில் நான்கு முறை இது நடந்திருக்கிறது. நான்கு முறையும் ஒரே பாடம்தான். பாடம் முடிந்ததும் நாம் மறந்துவிட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏன் கர்ப்பிணிக்கு மட்டும் சீக்கிரம் மூச்சு முட்டுகிறது?

நம் விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சூளையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். சூளைக்குள் எவ்வளவு எரிபொருள் போட்டாலும் காற்று சரியாகப் போகவில்லை என்றால் சூடு ஏறாது. புகைதான் மிஞ்சும், சரக்கு கெட்டுப்போகும். நம் உடம்பும் அப்படித்தான். சாப்பாடு எரிபொருள். ஆக்சிஜன் இல்லாமல் அது எரியாது.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதே சமயம் கர்ப்பப்பை வளர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளுகிறது. அதனால் மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிச்சமாக நிற்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதாவது செலவு கூடுகிறது, கையிருப்பு குறைகிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பளம் ஒரு வாரம் தாமதமானால் என்ன ஆகும்? மற்ற வீடுகளுக்கு முன்னால் அந்த வீட்டில் அடுப்பு அணையும். கர்ப்பிணியின் மூச்சுக்கணக்கும் அதேதான்.

வைரஸ் நிமோனியா என்ன செய்கிறது? நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் வீங்கி, உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. காற்று உள்ளே போனாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்க முடியாது. மற்றவர்கள் சில நாள் தாக்குப்பிடிப்பார்கள். கர்ப்பிணிக்குக் கையிருப்பு இல்லாததால் காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் பேச முடியாமல் போய்விடலாம்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் இன்னும் வேலை செய்யவில்லை. அது தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் ஆக்சிஜன் வாங்குகிறது. தாயின் மூச்சுதான் குழந்தையின் மூச்சு. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

1918: கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்த விஷக்காய்ச்சல் 1918 ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டியது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது அலையாக நாடு முழுக்கப் பரவியது. சென்னை மாகாணமும் தப்பவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து 1911–1921 என்ற ஒரு பத்தாண்டில் மட்டும்தான் நம் நாட்டின் மக்கள்தொகை குறைந்தது. வகுப்பில் '1921 பெரும் பிரிவினை ஆண்டு' என்று நான் நடத்தியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவில் அந்தக் காய்ச்சலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள்.

கர்ப்பிணிகள் பற்றி அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற மருத்துவர் 1919இல் ஒரு கணக்கு வெளியிட்டார். காய்ச்சல் வந்த 1,350 கர்ப்பிணிகளின் விவரத்தைத் திரட்டினார். 100க்கு 27 பேர் இறந்திருந்தார்கள். நிமோனியாவாக முற்றியவர்களை மட்டும் எடுத்தால் பாதிப் பேர் இறந்திருந்தார்கள்.

அப்போது மருத்துவர் கையில் என்ன இருந்தது? ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. ஆனால் பல இடங்களில் மூக்குக்கு எதிரே ஒரு புனலைப் பிடித்துக் காற்றைத் திறந்துவிடுவார்கள். பாதிக்கு மேல் அறைக்குள்தான் போகும். போரில் விஷவாயு தாக்கிய சிப்பாய்களுக்காக ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1917இல்தான், ஆக்சிஜனை அளந்து, முகமூடி வைத்து, தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அது மருத்துவமனைகளுக்கு வந்து சேர்வதற்குள் காய்ச்சல் ஓடிவிட்டது. நம் கிராமங்களில் சிலிண்டரும் இல்லை, மருத்துவரும் இல்லை.

1952: கையால் ஊதிய மாணவர்கள்

மூச்சே விட முடியாதவருக்கு இயந்திரம் வைத்து மூச்சு கொடுக்கலாம் என்பதைப் போலியோதான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 1928இல் அமெரிக்காவில் டிரிங்கர் என்பவர் 'இரும்பு நுரையீரல்' என்ற கருவியை உருவாக்கினார். தலை மட்டும் வெளியே தெரிய, உடம்பு முழுவதும் ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் இருக்கும். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், கூட்டினால் சுருங்கும். போலியோ வந்த கர்ப்பிணிகளையும் அதற்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். உருளைக்குள் இருந்தபடியே பிரசவம் நடந்ததும் உண்டு.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ வெறியாட்டம் ஆடியது. ஆரம்பத்தில் மூச்சுக் கருவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோன் இப்சன் வேறு ஒரு வழி சொன்னார். தொண்டையில் ஒரு துளை போட்டு, குழாயைச் செருகி, ரப்பர் பையை அமுக்கி நேராக நுரையீரலுக்குள் காற்றை அனுப்பலாம் என்றார். ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியிடம் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். ஆனால் பையை அமுக்க ஆள் வேண்டுமே? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து வந்து, இரவும் பகலும் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கையால் அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுதான். வென்டிலேட்டர் என்று நாம் பயந்து சொல்கிற இயந்திரம், அந்த மாணவர்களின் கைகள் செய்த வேலையைச் செய்கிற இயந்திரம், அவ்வளவுதான். ஆனால் நம் நாட்டில் அது பெரிய நகரங்களைத் தாண்டி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

1957: சென்னைத் துறைமுகம் வழியாக

அடுத்த பெருங்காய்ச்சல் நம் வாசல் வழியாகவே இந்தியாவுக்குள் வந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் ஆசியக் காய்ச்சல் இறங்கியது. சிங்கப்பூர், மலாயா போய் வந்த நம் மக்கள் பயணம் செய்த வழி அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அந்த வைரஸை ஆராய்ந்தார்கள். அடுத்த சில மாதங்களில் அரசுக் கணக்கில் வந்தவை மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். 1918ஐப் போல மக்கள் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை. ஆனால் கர்ப்பிணிகள் விஷயத்தில் வைரஸ் குணம் மாறவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அந்தக் காய்ச்சலால் இறந்த, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள்.

இரண்டு முறை ஆயிற்று. 'அடுத்த முறை கர்ப்பிணிகளை முதலில் காப்பாற்ற வேண்டும்' என்று உலகம் முடிவெடுத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஆண்டுதான் ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கத்துக்கும் அதைச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் சேர்த்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்தார்கள். 1961இல் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அதிர்ச்சியில், புது மருந்தோ புது சிகிச்சையோ எதைச் சோதித்தாலும் 'கர்ப்பிணிகளைச் சேர்க்காதே' என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில் வந்த பயம்தான். ஆனால் அதன் விளைவாக, கர்ப்பிணிக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம், மூச்சுக் கருவியை எப்படி வைக்கலாம் என்ற அறிவு வளராமலே நின்றுவிட்டது.

2009: பன்றிக்காய்ச்சல் சொன்ன கணக்கு

2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். முகமூடி என்பதை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். அமெரிக்காவில் முதல் இரண்டு மாதங்களில் அந்தக் காய்ச்சலால் பதிவான 45 சாவுகளில் 6 பேர் கர்ப்பிணிகள். அந்த நாட்டு மக்கள்தொகையில் எந்த நேரத்திலும் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர்தான் இருப்பார்கள். சாவிலோ எட்டில் ஒருவர்! அந்த ஆறு பேரும் அதற்கு முன் ஆரோக்கியமாக இருந்தவர்கள். ஆறு பேருக்கும் வைரஸ் நிமோனியா முற்றி, வென்டிலேட்டர் தேவைப்பட்டது.

இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து ஒரு நம்பிக்கைச் செய்தி வந்தது. அங்கே தீவிர சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணிகளும் புதிதாகப் பிரசவித்தவர்களும் 64 பேர். அவர்களில் 44 பேருக்கு வென்டிலேட்டர் வைத்தார்கள். 9 பேருக்கு எக்மோ வைத்தார்கள். இறந்தவர்கள் 7 பேர்.

எக்மோ என்ற சொல் நம் ஊர் டீக்கடை வரை வந்தது 2016 டிசம்பரில், முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது. பிறகு 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் சிகிச்சையில் இருந்தபோது மறுபடியும் கேட்டோம். இரண்டும் துக்கத்தில் முடிந்ததால் 'எக்மோ வைத்தால் முடிந்தது கதை' என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது, ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பும் கருவி. நுரையீரல் ஆறும்வரை அதற்கு ஓய்வு கொடுக்கிறது. இளம் வயதுத் தாய்மார்களுக்கு, உரிய நேரத்தில் வைத்தால், அது உயிர் காக்கும் என்பதைத்தான் 2009 காட்டியது.

1918இல் நிமோனியா முற்றிய கர்ப்பிணிகளில் பாதிப் பேர் இறந்தார்கள். 2009இல் நல்ல வசதியுள்ள இடத்தில் ஒன்பதில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். வைரஸ் வேறு, காலம் வேறு, இரண்டையும் தராசில் வைக்க முடியாது என்பது சரி. ஆனாலும் நடுவில் வந்த பெரிய மாற்றங்களில் முக்கியமானது மூச்சு கொடுக்கும் வழிதான். 2012இல் உலக சுகாதார நிறுவனம், ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று அறிவித்தது.

2020–21: நம் வீதிக்கு வந்தபோது

கொரோனாவின் முதல் அலையில் கர்ப்பிணிகள் ஓரளவு தப்பினார்கள். 'கர்ப்பிணிகளை இது பெரிதாகத் தாக்காது' என்றுகூடச் சிலர் பேசினார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை தலைகீழாக மாறியது. மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களுமாக 1,530 பேரின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தது. முதல் அலையில் அறிகுறி வந்தவர்கள் 100க்கு 14 பேர். இரண்டாம் அலையில் 100க்கு 28 பேருக்கு மேல். இறந்தவர்கள் முதல் அலையில் 1,000க்கு 7 பேர். இரண்டாம் அலையில் 1,000க்கு 57 பேர். பெரும்பாலான சாவுக்குக் காரணம் நிமோனியாவும் மூச்சு நின்றுபோனதும்தான்.

எங்கள் தெருவிலேயே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது. 'ஸ்கேன், எக்ஸ்ரே எடுத்தால் குழந்தைக்கு ஆகாது' என்று வீட்டுப் பெரியவர்கள் இரண்டு நாள் கஷாயத்திலேயே ஓட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனால், 'கர்ப்பிணியை நாங்கள் பார்ப்பதில்லை' என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். 108க்குப் போன் செய்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விருத்தாசலத்திலிருந்து கடலூரே 60 கிலோமீட்டர். மூச்சுக்குத் தவிக்கும் பெண்ணுக்கு அந்தத் தூரம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளையாக வழி முழுக்க ஆக்சிஜன் இருந்தது. 11 நாள் கழித்துத் திரும்பினாள். இப்போது அந்தக் குழந்தை எங்கள் வாசலில்தான் விளையாடுகிறது. எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை.

அவளுக்கு என்ன செய்தார்கள் என்று விசாரித்து, பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். இதன் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் வெளியிட்டவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியர். அவருடைய கருவி வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். மற்ற நோயாளிக்கு 92, 93 இருந்தால் சமாளிக்கலாம் என்று விடுவார்கள். கர்ப்பிணிக்கு 95க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். குழந்தைக்கும் சேர்த்துத்தானே அந்த எண்.

இரண்டாவது, படுக்கும் விதம். மாதம் ஏறிய கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கும். அதனால் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். தேவைப்பட்டால் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணைகளை அடுக்கி, வயிறு அழுந்தாமல் குப்புறக்கூடப் படுக்க வைக்கிறார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் விரிந்துகொடுக்கும். வென்டிலேட்டரில் இருந்த கடுமையான நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்ததில் சாவு பாதியாகக் குறைந்ததை பிரெஞ்சு மருத்துவர்கள் 2013இல் நிரூபித்தார்கள்.

மூன்றாவது, ஆக்சிஜன் தரும் கருவி. மூக்கில் வைக்கும் சின்னக் குழாய், அதற்கு மேல் முகமூடி, அதற்கு மேல் பையோடு கூடிய முகமூடி, அதற்கு மேல் ஈரமும் சூடும் ஏற்றி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை அனுப்பும் கருவி, அதற்கு மேல் அழுத்தம் கொடுக்கும் இறுக்கமான முகமூடி. இவை எதுவும் போதாதபோதுதான் வென்டிலேட்டர். கர்ப்பிணிக்குத் தொண்டை வீங்கியிருக்கும், குழாய் போடும் அந்த ஒரு நிமிடத்திலேயே ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் அனுபவமுள்ள மயக்க மருந்து மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

நான்காவது, ரத்தப் பரிசோதனையைப் படிக்கும் விதம். கரியமில வாயுவின் அளவு மற்றவர்களுக்கு 40 இருந்தால் சரி. கர்ப்பிணி இயல்பாகவே ஆழமாக மூச்சு விடுவதால் அவருக்கு 30 அளவில்தான் இருக்க வேண்டும். மூச்சுத்திணறலோடு இருக்கும் கர்ப்பிணிக்கு 40 வந்தால் 'நார்மல்' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் அவர் களைத்துப்போகத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

மருந்து விஷயத்திலும் ஒரு நல்ல செய்தி. 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' என்ற பெரிய ஆய்வு, ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் சாவு குறையும் என்று நிரூபித்தது. அந்த ஆய்வில் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு அதிகம் போய்ச் சேராத வேறு ஸ்டீராய்டை அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு சிலிண்டர் கணக்கும் நம் ஊர்க் களிமண்ணும்

கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். ஆளுயரப் பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 23 மணி நேரம் வரும். 10 லிட்டர் போனால் பதினொன்றரை மணி நேரம். 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. 2021 மே மாதம் நாடே ஏன் ஆக்சிஜனுக்கு அலைந்தது என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும். சிலிண்டரை நம்பி மட்டும் ஒரு வார்டை நடத்த முடியாது. ஒன்று திரவ ஆக்சிஜன் தொட்டி வேண்டும். அது ஒரு லிட்டர் ஆவியானால் 800 லிட்டருக்கும் மேல் வாயு கிடைக்கும். இல்லையென்றால் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆலை வேண்டும்.

இந்த ஆலைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஜியோலைட் என்ற சின்னச் சின்ன மணிகள். நாம் பொம்மையும் கோப்பையும் செய்கிற வெள்ளைக் களிமண்ணில் முக்கியமாக இருப்பவை அலுமினாவும் சிலிக்காவும். ஜியோலைட்டும் அதே அலுமினா, சிலிக்கா குடும்பம்தான். வெள்ளைக் களிமண்ணிலிருந்தே அதைத் தயாரிக்கவும் முடியும். அதன் நுண்ணிய துளைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடும். கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுக்க மருத்துவமனைகளில் இந்த ஆலைகள் வந்தன. களிமண்ணைச் சோறுபோடும் தொழிலாக மட்டும் பார்த்த ஊர் நம்முடையது. அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று மூச்சும் கொடுக்கிறது என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

தாமதமாக வந்த தடுப்பூசி

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது என்றார்கள். காரணம், பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை? பழைய பயம்தான். கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்த நாள் ஜூலை 2. இரண்டாம் அலையின் உச்சம் மே மாதம். எந்த இரண்டு மாதங்களில் தடுப்பூசி மிக அதிகம் தேவைப்பட்டதோ, அந்த இரண்டு மாதங்களையும் நம் கர்ப்பிணிகள் வெறுங்கையோடு கடந்தார்கள். 'பாதுகாப்பு' என்ற பெயரில் பாதுகாப்பு இல்லாமல் நின்றார்கள்.

அனுமதி வந்த பிறகு தமிழ்நாடு காட்டிய வேகத்தையும் சொல்ல வேண்டும். ஜூலை மாத முடிவில் நாடு முழுக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகள் 2.27 லட்சம் பேர். அதில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். மூன்றில் ஒரு பங்கு! கிராமச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் மாமியார்களிடமும் கணவன்மார்களிடமும் பேசிச் சம்மதம் வாங்கிய உழைப்பு அது. என்னிடம் படித்த பிள்ளைகளும் அந்தச் செவிலியர்களில் இருந்தார்கள்.

நூறு ஆண்டுப் பாடம்

கர்ப்பிணி என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணி என்பதற்காகவே முந்திக்கொள்ள வேண்டும். 1918இல் கொடுக்க ஒன்றுமில்லாமல் இழந்தோம். அது அந்தக் காலத்தின் குறை. 2021இல் எல்லாம் இருந்தும், தயக்கத்தால் சிலரை இழந்தோம். இனி அதற்குச் சாக்கு கிடையாது.

வீட்டில் பின்பற்ற வேண்டியவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

1. கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றாலும், ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே காட்டினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

2. ஆக்சிஜன் வைத்தால் குழந்தைக்குக் கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆக்சிஜன் இல்லாததுதான் குழந்தைக்குக் கெடுதல்.

3. நெஞ்சு எக்ஸ்ரே தேவை என்று மருத்துவர் சொன்னால் தடுக்காதீர்கள். அதில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு, கெடுதல் செய்யும் என்று கருதப்படும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

4. வண்டியில் கொண்டுபோகும்போது மல்லாந்து படுக்க விடாதீர்கள். இடது பக்கம் சாய்ந்தோ, உட்கார்ந்தோ வரட்டும்.

5. ஃப்ளூ தடுப்பூசி பற்றி, பரிசோதனைக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.

6. நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வசதி எந்த நிலையில் இருக்கிறது, ஆலை இருந்தால் ஓடுகிறதா என்று கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். காய்ச்சல் இல்லாத காலத்தில்தான் இதைக் கேட்க வேண்டும். சூளை எரியத் தொடங்கிய பிறகு புகைபோக்கியைத் தேட முடியாது.

 மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மருமகளோ மகளோ மாசமாக இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்.